7. கயிற்றில் வந்த அளவு

தன் கணவன் வேறொருத்தியோடு ஓடிப்போய்விட்டான் என்று யாராவது உறுதியாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

"ஓடிப்போயிருந்தா பரவாயில்ல சார். திட்டமாட்டேன். தேடிப்போய்ச் சண்டை போடமாட்டேன். உயிரோட இருக்கார்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

"சண்டை போடாம எப்படிக்கா விடமுடியும்," என்றாள் வாயாடி. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நான் வந்து போடறேன். கட்டணத்துல சேர்த்துக்கலாம்."

அந்தப் பெண்ணின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்று கணக்கில் வைக்கலாம்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவள் அவருடைய உதவியாளர். பதிலுக்கு அவர் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. இரண்டு பெயரும் இரண்டு பேருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டதால் சொந்தப் பெயர்கள் துருப்பிடித்துக் கிடந்தன.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் சிடுமூஞ்சி.

அவள் சொன்னாள். கணவனுக்கு மில்லில் இரவு ஷிஃப்ட். மில்லை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு படகு வாங்கினான். மோட்டார் இல்லாத வெறும் படகு. அக்கரை ஊருக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போவது என்று திட்டம். கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் துறைமுகத் தெரு கடையில் மோட்டார் வாங்கி மாட்டினான். முதன்முதலாக ஓட்டிப் பார்க்கக் காலையில் தனியாகக் கிளம்பினான். மத்தியானம் வந்துவிடுவதாகச் சொன்னான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை.

"துறைமுக ஆபீஸ்ல தேடினாங்களா?"

"அன்னிக்கு சாயங்காலம் லாஞ்சை அனுப்பினாங்க. மறுநாளே நிறுத்திட்டாங்க. மோட்டார் கடைக்காரர் வந்து சொன்னாராம், அக்கரை போய்ச் சேர்ந்துட்டேன்னு கடைக்கு போன் பண்ணினார்னு."

"உங்களுக்குப் பண்ணலையா?"

"அதையும் ஆபீஸ்ல கேட்டேன். ஓடிப்போறவன் பொண்டாட்டிக்கா போன் பண்ணுவான்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு." அவள் மேஜையைப் பார்த்தாள். அங்கே ஒரு மூக்குக் கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. "ஆனா கண்ணாடியை விட்டுட்டுப் போயிருக்கார். புதுசா ஒருத்தி கிடைச்சா முகத்தைப் பார்க்கவாவது கண்ணாடி வேணும் இல்லையா?"

வாயாடி வாயைத் திறந்தாள். சிடுமூஞ்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

பின்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு அவர் எழுந்தார். சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், ஒரு குழாய், ஒரு வாளி. சுவரில் இரண்டு துடுப்புகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பின்னால் வந்த வாயாடியின் முகத்தில் ஈரத்துணி ஒன்று அறைந்தது.

"யாருக்கா கட்டினது இந்தக் கொடியை? என்னைவிட உயரமானவங்க இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டமா?"

சுவரிலிருந்து சுவருக்குக் கட்டிய நீல நைலான் கயிறு. ஒரு பக்கம் கொக்கி வரைக்கும் எட்டாமல், பழைய துணிக் கிழிசல் ஒன்றால் ஒட்டுப்போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. துணி நெகிழ்ந்து கொடி நடுவில் தொய்ந்து தொங்கியது. கொடியில் ஓர் ஆண் சட்டை மட்டும்.

"அவரோடது," என்றாள் அந்தப் பெண். "ஒருநாள் விட்டு ஒருநாள் அலசிப் போடறேன். வந்தா மாத்திக்க வேணுமே."

சிடுமூஞ்சி கொடியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு கடைக்கு வழி கேட்டார்.

*

மோட்டார் கடை படகுத்துறையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே நீண்ட மரச்சட்டத்தில் மோட்டார்கள் வரிசையாகக் கவ்வியிருந்தன. தலை மேலே, ஒற்றைக்கால் கீழே, காலின் நுனியில் விசிறி. நீரில் நிற்கவேண்டிய கொக்குகளைப் பிடித்துக் கடையில் நிறுத்தியதுபோல இருந்தது.

கடைக்காரருக்கு வெளுத்த சட்டை, வெளுத்த பேச்சு.

"பாவம் சார் அந்தம்மா. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போனவன் போயிட்டான், விட்டுத் தள்ளுமான்னேன்."

"போன்ல என்ன சொன்னார்?"

"மோட்டார் பிரமாதம்னான். முழு வேகத்துல வந்தேன், அலுங்காம குலுங்காம அக்கரை சேர்ந்துட்டேன்னான்."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை சார். அலுங்காம குலுங்காம. எனக்கு அதுதானே சந்தோஷம், பொருள் வித்தவனுக்கு."

சிடுமூஞ்சி தலையாட்டினார். அத்தோடு விசாரணை முடிந்ததுபோல ஒரு மோட்டாரைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எதைப் பார்த்து வாங்கணும்?"

"இவர் குளிக்கவே யோசிப்பார்," என்றாள் வாயாடி. "கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. போன மனிதனைப் பற்றிய பேச்சு முடிந்து, விற்பனை தொடங்கிவிட்ட நிம்மதி அது.

"வர்றவன் எல்லாம் வாசல்ல கால் வைக்கும்போதே கேக்கறது, எத்தனை குதிரை சக்தி? இந்தக் காலோட நீளம் என்னன்னு எவனும் கேக்கமாட்டான்." மோட்டாரின் தலைக்கும் விசிறிக்கும் நடுவே இருந்த இரும்புத் தண்டைத் தட்டினார். "ஷாஃப்ட். இதுதான் சார் விஷயமே. படகோட பின்பலகையிலதான் மோட்டாரைக் கவ்வவைப்போம். அந்தப் பலகை உச்சியிலேருந்து படகோட அடிமட்டம் வரைக்கும் எவ்வளவு உயரமோ, அதுக்கு ஏத்த கால் வேணும். பதினஞ்சு அங்குலம்னா ஷார்ட் ஷாஃப்ட். இருபதுன்னா லாங் ஷாஃப்ட். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அது பெரிய படகுக்கு. விசிறிக்கு மேல ஒரு தட்டு இருக்கு பாருங்க, இந்தத் தட்டு படகோட அடிமட்டத்துக்கு நேரா வரணும். அப்போ விசிறி முழுசா தண்ணியில இருக்கும்."

"சின்னப் படகுக்கு நீளக்கால் மாட்டிட்டா?"

"ஆழத்துல இறங்கி நின்னுக்கிட்டு இழுக்கும். வேகம் வராது, கரையோரம் தரையில இடிக்கும். சகிச்சுக்கலாம்."

"உயரமான பலகையில குட்டைக்கால்?"

"பேன்ட்டு குட்டையா தைச்சா கணுக்கால் தெரியும், அதோட போச்சு. இங்க விசிறி தெரியும் சார். துறைக்குள்ள சும்மா கிடக்கிற தண்ணியில எப்படியோ சமாளிச்சுடும். ஓட்டறவன் பின்னாடி உக்கார்ற கனத்துல பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும், அவனுக்கே வித்தியாசம் தெரியாது. வெளியே போய் அலை வந்து தூக்கினா விசிறி காத்தைக் கடையும். சத்தம் ஊரைக் கூட்டும், படகு நகராது. இஞ்சின் குளிர்றதுக்குத் தண்ணி இழுக்கிற ஓட்டையும் கீழதான் இருக்கு. அதுவும் காத்தை இழுத்தா, கொஞ்ச நேரத்துல சூடேறி..."

மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"சூடேறி?"

"பூட்டிக்கும்," என்றார் கடைக்காரர். குரல் பாதியாகியிருந்தது.

"அப்போ அளவை யார் எடுப்பாங்க? நீங்க போய்ப் படகைப் பார்ப்பீங்களா?"

"எங்கே சார் நேரம்?" அவர் அவசரமாகச் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கயிற்றுத் துண்டு தொங்கியது. "வாயால சொல்ற அளவை நான் வாங்கறதில்ல. ஒருத்தன் டேப்பைத் தலைகீழாப் பிடிப்பான், ஒருத்தன் முழம் போடுவான். அதனால பின்பலகை உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டிட்டு வரச்சொல்வேன். மோட்டார் ஒழுங்கா ஓடற வரைக்கும் கயிறு ஆணியில இருக்கும். பின்னால ஒருத்தனும் என்மேல பழி போடமுடியாது."

"புத்திசாலித்தனம். அவரோட கயிறு எது?"

கடைக்காரர் காட்டவில்லை. ஆனால் அவர் கண் ஓர் ஆணிக்குப் போயிற்று. அந்த ஆணியில் நீல நைலான் கயிறு தொங்கியது. சிடுமூஞ்சி அதை எடுத்து, பக்கத்தில் இருந்த ஒரு மோட்டாரின் காலோடு வைத்துப் பார்த்தார். குட்டைக்கால். கயிறு கச்சிதமாகப் பொருந்தியது.

"ஷார்ட் ஷாஃப்ட் கொடுத்திருக்கீங்க."

"கயிறு சொன்னதைக் கொடுத்தேன் சார்."

"கொஞ்ச நேரம் கடன் வாங்கிக்கறேன்."

"சார், அது கடை வழக்கம் இல்ல..."

"போன் வந்த நேரம் ஞாபகம் வந்தா யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி நடந்தார்.

*

"கயிறைத் திருடிட்டு வந்துட்டோம்," என்றாள் வாயாடி. "நம்ம தொழில் முன்னேறிக்கிட்டே போகுது."

சிடுமூஞ்சி கயிற்றின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

காணாமல் போனவனுக்கு ஓர் அண்ணன். அவரிடமும் படகு இருந்தது. தம்பி வாங்கிய படகும் இதுவும் ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்தவை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அண்ணன் படகைக் கரையில் கட்டைகளின்மேல் நிமிர்த்தி வைத்து, விளிம்பில் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடிப்போனவன் பேச்சை என்கிட்ட எடுக்காதீங்க," என்றார் திரும்பாமலே.

"படகைப் பத்திக் கேக்கலாமா?"

"படகு என்ன பாவம் பண்ணுச்சு. கேளுங்க."

"மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட யோசனை கேட்டாரா?"

"எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மில்லுல கொடுத்த பணத்தை பேங்க்ல போட்டுட்டு வேற வேலை பாருடா, தண்ணி உனக்குப் பழக்கம் இல்லடான்னேன். பொறாமைன்னான். அதுக்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்."

சிடுமூஞ்சி படகின் பின்பக்கம் போனார். கயிற்றின் ஒரு நுனியைப் பின்பலகையின் உச்சியில் வைத்து, வாயாடியை இன்னொரு நுனியைக் கீழே இழுக்கச் சொன்னார். அவள் இழுத்தாள். கயிறு தீர்ந்துபோன இடத்துக்கும் படகின் அடிமட்டத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. வாயாடி தன் கையகல நோட்டுப் புத்தகத்தை அதில் குறுக்கே வைத்தாள். போதவில்லை.

"அஞ்சு அங்குலம் குறையுது சார்."

பெயின்ட் பிரஷ் நின்றது. அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி கயிற்றைப் பார்த்தார்.

"என்ன இது?"

"உங்க தம்பி மோட்டார் வாங்கின அளவு."

"இந்த அளவுலயா? இந்தப் படகுக்கு இருபது அங்குலக் கால் வேணுமே. இதை மாட்டிக்கிட்டு முகத்துவாரம் தாண்டினா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பிரஷிலிருந்து பச்சை பெயின்ட் அவர் காலில் சொட்டியது, அதைக் கவனிக்கவும் இல்லை. "அவன் அக்கரைக்குப் போகலை."

"போயிருக்க முடியாது."

"ஓடிப்போகலை அவன்." அண்ணன் பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்தார். "இத்தனை நாளா அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே நான் இங்க பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் எழுந்தார். பெயின்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டு, படகுக்கு அடியில் இருந்த கட்டைகளை உருவத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் சிடுமூஞ்சி. "உள்ளே ஏறிப் பார்த்துக்கறேன்."

ஏறினார். பின்பலகையின் உச்சியிலிருந்து கயிற்றை உட்புறமாகத் தொங்கவிட்டார். படகின் உள்ளே, அடிமட்டத்துக்கு மேலே, கால் வைத்து நிற்பதற்குப் பலகை பாவியிருந்தது. கயிற்றின் நுனி அந்தப் பலகையைத் தொட்டு நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் இறங்கியதும் வாயாடி ஆரம்பித்தாள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. கடைக்காரர் சரக்கு தேங்கிக் கிடந்திருக்கு. குட்டைக்காலைத் தள்ளிவிடணும்னு கயிறைக் கத்தரிச்சுட்டார்."

"கத்தரிச்சிருந்தா உள்பலகைக்கு அவ்வளவு கச்சிதமா எப்படிப் பொருந்தும்? அவர் படகையே பார்க்கலை. இது உள்ளேருந்து அளந்த அளவு."

"எந்தப் புத்திசாலி படகை உள்ளேருந்து அளப்பான்?"

"படகு எங்க கட்டியிருந்தது அப்போ? தண்ணியில. வெளிப்பக்கம் அளக்கணும்னா இடுப்பளவு தண்ணியில இறங்கி, கையை உள்ளே விட்டு அடிமட்டத்தைத் தடவணும். தண்ணிக்குப் பயப்படறவங்க இறங்கமாட்டாங்க. உள்ளே உக்காந்து, கால் வைக்கிற பலகைதான் அடின்னு நினைச்சு அளப்பாங்க."

"சரி, பயந்தாங்கொள்ளி யாரு?"

சிடுமூஞ்சி கயிற்றின் நுனியை நீட்டினார். நுனியில் ஒரு வளைவு, பல நாள் எதிலோ மாட்டி இருந்ததுபோல. வளைவின் உட்பக்கம் முழுக்கத் துருக்கறை. கொக்கியின் துரு.

வாயாடி பார்த்தாள். அவளுடைய முகத்தில் அந்த ஈரச்சட்டை மறுபடி வந்து அறைந்ததுபோல இருந்தது.

"சார். அந்தக் கொடி."

"ம்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"கடை ஆணியில பார்த்தபோதே. தப்பா இருக்கணும்னு நினைச்சேன்."

பின்னால் அண்ணன் படகைத் தனி ஆளாகத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி பச்சை, பாதி பழைய வெள்ளை.

*

இரண்டாம் முறை கடைக்காரர் வரவேற்கவில்லை.

"போன் வந்துச்சு சார். நேரம்தான் ஞாபகம் இல்ல."

"அலுங்காம குலுங்காம?"

"ஆமா."

"குட்டைக்கால் உயரப் படகுல என்ன பண்ணும்னு இப்போதான் எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க," என்றார் சிடுமூஞ்சி. "அவரோட படகு இருபது அங்குலம். அதுல உங்க மோட்டாரை மாட்டினா முழு வேகம்ங்கிறதே கிடையாது."

"அலுங்காம குலுங்காம போகணும்னா படகைத் தலையில தூக்கிட்டுத்தான் போகணும்," என்றாள் வாயாடி. எப்போதும் அவள் பேச்சில் இருக்கும் குஷி அதில் இல்லை.

கடைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாசலுக்கு வெளியே தண்ணீர் தெரிந்தது, தூரத்தில் முகத்துவாரமும் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். கையாட்டிட்டுப் போனான். அப்பவே பார்த்தேன், மோட்டார் தூக்கிக்கிட்டு நிக்குது. கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போயிட்டான்." நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "முகத்துவாரம் தாண்டினதும் சத்தம் கேட்டுச்சு. இஞ்சின் அலறல். விட்டு விட்டு அலறுச்சு. அப்புறம் நின்னுபோச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"துடுப்புப் போட்டு வந்துடுவான்னு நினைச்சேன் சார்."

"துடுப்பு ரெண்டும் அவர் வீட்டுச் சுவத்துல சாய்ஞ்சிருக்கு. இப்போதான் தூக்கிப் பார்த்துட்டு வந்தேன்."

கடைக்காரர் எழப்போய், மறுபடி உட்கார்ந்தார்.

"மறுநாள் ஆபீஸ்ல தேடறாங்கன்னு தெரிஞ்சுது. படகு கிடைச்சா மோட்டாரும் கிடைக்கும், யார் கொடுத்ததுன்னு கேப்பாங்க. பயந்துட்டேன். ஒரு வார்த்தை சொன்னேன், அவங்களும் தேடறதை நிறுத்திட்டாங்க. இவ்வளவு சுலபமா நிறுத்துவாங்கன்னு நான் நினைக்கலை." திடீரென்று அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. நிமிர்ந்தார். "ஆனா அளவு என் தப்பு இல்ல சார். கயிறை அந்தம்மாதான் கொண்டுவந்து..."

"எந்தக் கயிறு?"

கடைக்காரர் ஆணியைக் காட்டினார். ஆணி வெறுமையாக இருந்தது.

"உங்க கடையில அப்படி ஒரு கயிறு இல்ல," என்றார் சிடுமூஞ்சி. "நீங்க படகைப் பார்க்காம மோட்டார் வித்தீங்க. அதை ஆபீஸ்ல சொல்லப்போறீங்க. வராத போன் வந்ததா சொன்னீங்க. அதையும் சொல்லப்போறீங்க. வேற எதுவும் உங்களுக்குத் தெரியாது."

"சார், ஆதாரத்தை மறைக்கிறது குற்றம்," என்று தெருவில் இறங்கியதும் வாயாடி முணுமுணுத்தாள்.

"தெரியும்."

"சும்மா ஞாபகப்படுத்தினேன். கயிறைச் சட்டைப்பைக்குள்ள நல்லா தள்ளி வைங்க, நுனி வெளியே தெரியுது."

துறைமுக ஆபீஸில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கடைக்காரர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்று, முகத்துவாரத்தில் விரலை வைத்து வெளியே இழுத்துக்கொண்டே போனார். விரல் வரைபடத்தைத் தாண்டி, சட்டத்தைத் தாண்டி, வெறும் சுவரில் போய் நின்றது.

"மறுநாளும் தேடியிருந்தா இங்க கிடைச்சிருக்கும்," என்று திரும்பவும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தட்டினார். "இப்பவும் லாஞ்சை அனுப்பறேன். படகு கிடைக்கலாம்."

ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

*

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். வருகிறவர்களின் நடையைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்திருக்கவேண்டும். இருந்தும் கேட்டாள்.

"அக்கரையில இல்லையா?"

"இல்லைம்மா."

"வேற யாரும்... ஒரு பொண்ணு, கிண்ணு..."

"அப்படி யாரும் இல்லை. அவர் அக்கரைக்கே போகலை."

அவள் தலையாட்டினாள், மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை இல்லை என்று சொன்னால் ஆட்டுவதுபோல. உள்ளே போய் மேஜையில் இருந்த மூக்குக் கண்ணாடியைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

"என்ன ஆச்சு?"

சிடுமூஞ்சி சுற்றி வளைக்கத் தெரியாதவர். "மோட்டார் சரியில்ல. வெளியே போனதும் நின்னிருக்கு. கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டார். லாஞ்ச் கிளம்பிடுச்சு. அவரோட அண்ணனும் போயிருக்கார்."

"புது மோட்டார் எப்படி நிக்கும்?"

"கடைக்காரர்தான்கா," என்றாள் வாயாடி அவசரமாக. "அந்த ஆளு தப்பான மோட்டாரைத் தலையில கட்டிட்டான். படகை வந்து பார்க்கவே இல்ல. எல்லாம் அவன் சோம்பேறித்தனம்."

"தப்புன்னா?"

வாயாடிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்தது. அவள் சிடுமூஞ்சியைப் பார்த்தாள். சிடுமூஞ்சி தரையைப் பார்த்தார்.

"உயரம் பத்தலை," என்றார்.

அந்தப் பெண் கொடி இருந்த பக்கம் திரும்பினாள். குழாய் சொட்டுவது பின்கட்டிலிருந்து கேட்டது.

"அவர் அப்போ தூங்கிக்கிட்டிருந்தார்," என்றாள் கடைசியில். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்திருந்தார். கயிறு வெட்டிட்டுப் போய்க் கொடுத்துடுன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டார். படகுல போய் உக்காந்தப்புறம் சந்தேகம் வந்துச்சு, உள்ளே அளக்கிறதா வெளியே அளக்கிறதான்னு. வந்து கேட்டிருக்கலாம். எழுப்ப மனசு வரலை. நல்லாத் தூங்கினார் அன்னிக்கு."

"நீங்க அளந்தது இதுக்குக் காரணம் இல்லம்மா," என்றார் சிடுமூஞ்சி. துப்பறிந்து பிழைக்கிறவர், பொய் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. அது தெரிந்தது.

அவருடைய சட்டைப்பையிலிருந்து நீல நுனி மறுபடி எட்டிப்பார்த்தது. அவள் கையை நீட்டினாள்.

"கயிறைக் கொடுங்க சார்."

அவர் சட்டைப்பையில் கைவிட்டார். இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போயிற்று. எடுத்துக் கொடுத்தார்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். கொடியை இழுத்துப் பிடித்திருந்த துணிக் கிழிசலை அவிழ்த்து வாளியில் போட்டாள். கொடி சரிந்து சட்டை தரையைத் தொட்டது. கயிற்றுத் துண்டின் வெட்டிய நுனியைக் கொடியின் வெட்டிய நுனியோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள். துருப்பிடித்த வளைவைக் கொக்கியில் மாட்ட இழுத்தாள். முடிச்சு தின்ற அளவு குறைந்தது. சுவரில் காலை ஊன்றி இன்னும் இழுத்தாள்.

மாட்டிக்கொண்டது. கொடி பழையபடி நேராக நின்றது, முன்னைவிட விறைப்பாக. சட்டை தரையை விட்டு எழுந்து, ஓர் ஆள் உயரத்தில் தொங்கியது.

வாயாடி சட்டையின் கீழ்விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டாள்.